ஓயாப்போக்கு

வாறதெண்டால் வாங்கோ. எழுதினால் இரண்டு சொல், பிரித்தால் மூன்று, சொன்னது மனுசி. இதை மடியில் முடிந்துகொண்டு குணநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்து பாதி உலகம் சுற்றி வந்துவிட்டார், முடிச்சு இன்னும் அவிழவில்லை. இப்போது பிரேசிலின் வடக்கு நுனியில், ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் படகுத்துறையில், தகரக் கொட்டகைக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கிய ஒரு நாய்க்கும் யாரோ இறக்கி வைத்த வாழைக்குலைகளுக்கும் நடுவில் குந்தியிருந்து அதையே மறுபடி உருட்டிக்கொண்டிருந்தார். எதிரே பால் விடாத தேநீர் நிறத்தில் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரான்சு. பாரிஸ் இருக்கிற பிரான்சு இல்லை. கடல் தாண்டி வந்து இந்தக் கண்டத்தின் தோளில் ஒட்டிக்கொண்ட, கயேன் என்ற பட்டினத்தைத் தலைநகராக வைத்திருக்கும் ஒரு துண்டு. ஆனால் சட்டப்படி பிரான்சுதான், அதே கொடி, அதே காசு, அதே பொலிசு. யோகமலர் பத்து வருசத்துக்கு மேலாக இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில், அதுவும் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால்; என்றாலும் எதிர்க்கரையில் கால் வைத்தால் புருசனும் பெண்சாதியும் ஒரே நாட்டில். அங்கே ஏறித் தஞ்சம் கேட்டால் ஊருக்குத் திரும்பும் பாதை அடைபடும். ஏறாமல் விட்டால் ஏஜென்சிக்காரன் இன்னொரு தரம் கூட்டிவர மாட்டான். ஆக, படகு வருவதற்குள் ஒன்றை மட்டும் தீர்த்துக்கொள்ளவேண்டும்: அவள் கூப்பிட்டாளா, அல்லது தடுக்கவில்லையா? கூப்பிட்டாள் என்றால் ஏறலாம். தடுக்கவில்லை என்பது மட்டும்தான் என்றால், தடுக்காத ஒரு வீட்டுக்குள் இந்த வயதில் பெட்டியோடு நுழைய ஒரு மனிதன் எவ்வளவு வெட்கங்கெட்டிருக்க வேண்டும்? மழை தகரத்தில் அவலிடித்தது. நாய் அவரைப் பார்த்தது. அதற்கும் கருத்து ஒன்றும் இல்லை.

குணநாயகம் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராக இருந்தவர். ஒப்புநோக்குநர் என்பவர் மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குபவர். வீட்டிலே அதையே சம்பளம் இல்லாமலும் செய்வார். அவர் ஒரு நாளும் யாருக்கும் படிப்பித்ததில்லை, ஆனால் கூட வந்த அரியகுட்டி அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டான். வவுனியா மினிபஸ் ஒன்றில் கொண்டக்டராக இருந்த அரியகுட்டிக்கு நாற்பது வயது, தொண்டை மட்டும் இன்னும் பஸ்சின் பின் வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆற்றின் பெயரை முதல் முதல் அவன்தான் சொன்னான்: ஓயாப்பொக். கேட்ட கணமே குணநாயகத்துக்குக் கை குறுகுறுத்தது. ஓயா என்றால் ஊரிலே சிங்களத்தில் ஆறு. மகா ஓயா, கல் ஓயா. தமிழில் என்றால் ஓயாத, நில்லாத. ஓயா, போக்கு, ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும், ஓயாப்போக்கு. தன் பெயரைத் தானே இவ்வளவு சரியாகச் சொல்லும் ஆறு வேறெங்கே இருக்கிறது என்று அவர் வியந்தபோது, அரியகுட்டி சப்பிக்கொண்டிருந்த மாங்கொட்டையை வாயிலிருந்து எடுத்தான். "அவங்கட ஆத்துக்கு நீங்கள் ஏன் மாஸ்டர் ஒற்றுப் போடுறியள்?" "போடாட்டில் பிழை." "பிழையெண்டால் ஆறு நிண்டுடுமோ?" நிற்காது. அதுதான் பிரச்சினை. நின்றால் இரண்டு கரையையும் ஆறுதலாகப் பார்த்து யோசிக்கலாம். இது மரக்கிளையையும் நுரையையும் பிளாஸ்டிக் போத்தலையும் தள்ளிக்கொண்டு, இங்கே ஒரு மனிதன் வசனம் பிரித்துக்கொண்டிருக்கிறான் என்ற மரியாதைகூட இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

இந்த ஆற்றைப் பற்றி அவர் வாசிக்காமல் வரவில்லை. தெற்கே மக்கப்பா நகரில் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காக வாரக்கணக்காகப் படுத்துக் கிடந்தபோது, மற்றவர்கள் கைபேசியில் படம் பார்க்க, அவர் ஆறு பார்த்தார். காட்டு மலைகளில் பிறந்து, பாறைகளில் விழுந்து விழுந்து வந்து, கடலுக்குக் கிட்ட அகன்று சோம்புகிற ஆறு. முந்நூறு வருசத்துக்கு முன்னம் ஐரோப்பாவில் இரண்டு அரசுகள் ஒப்பந்தம் எழுதின, எல்லை இன்ன ஆறு என்று. எழுதியவர்கள் ஆற்றைக் கண்டதில்லை. பெயரைக் காதால் கேட்டபடி ஒரு மாதிரி எழுதி, மனம் அடங்காமல் 'அல்லது' என்று போட்டு இன்னொரு பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெயர் எந்த ஆறு? இதுதான் என்றது ஒரு கட்சி. இல்லை, தெற்கே தள்ளியிருக்கும் வேறொன்று என்றது மற்றக் கட்சி. இரண்டுக்கும் நடுவில் கிடந்த காடு முழுக்க ஏறத்தாழ இருநூறு வருசம் வழக்கில் கிடந்து, கடைசியில் ஆறும் கடலும் இல்லாத சுவிஸ்காரர்தான் தீர்த்து வைத்தார்கள். சுவிஸில் ஆறு உண்டு, கடல்தான் இல்லை, என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டார் குணநாயகம். அந்த மேசையில் அன்றைக்கு ஒரு நல்ல ஒப்புநோக்குநர் இருந்திருந்தால் அந்த 'அல்லது'க்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருப்பான். சின்னச் சொற்கள்தான் நாசம் செய்கின்றன. அல்லது, ஆனால், எண்டால். பெரிய சொற்களைக் கண்டால் எல்லாரும் எச்சரிக்கையாகிவிடுகிறார்கள். எண்டால் வரும்போது யார் கதவைப் பூட்டுகிறார்கள்? தன்னுடைய வழக்கைத் தீர்க்க சுவிஸ்காரர் வரமாட்டார்கள். அங்கே மச்சான் ஒருத்தன் இருக்கிறான்தான், ஆனால் அவன் பெண்சாதியோடே அவனுக்குக் கதை இல்லை.

அவர் அவளுக்குச் சொன்னது சின்ன விசயம். மாசி மாசம், அச்சகத்து மாடிப்படியில் நின்று, கைபேசியில்: "பிரேசிலுக்கால ஒரு வழி இருக்காம். பிரான்சுக்குப் போவம் எண்டு யோசிக்கிறன்." முறையான வழியில் இரண்டு தரம் முயன்று சரிவரவில்லை, படுக்கையில் கிடந்த தகப்பனும் கண்ணை மூடிவிட்டார், இனி ஊரில் அவரைப் பிடித்து வைக்க ஒரு கட்டிலும் இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம். பாத்திரம் கழுவினாளோ, குளியலறையில் நின்றாளோ. குழாய் நின்றது. அவள் மூச்சு கேட்டது. பிறகு அந்த வசனம். "வாறதெண்டால் வாங்கோ." அதற்கு அவர் "ம்" என்றார். அதன் பிறகு கதை வீட்டுக் கிணற்றுக்கும் மகளின் பரீட்சைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து பிடித்த சனி. எண்டால் என்பது நிபந்தனை. நிபந்தனை வைக்கிறவர் விரும்புகிறவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் யோகமலர் இந்த அச்சை எங்கெல்லாம் பாவித்தாள் என்று ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். "குடிக்கிறதெண்டால் குடியுங்கோ", ஆறிய கோப்பியைக் காட்டி, முகம் கொடாமல். "இருக்கிறதெண்டால் இருங்கோ", போகத் தெரியாத விருந்தாளிக்கு, வாசல் விளக்கை அணைத்தபடி. ஒன்றிலாவது தேன் ஒழுகியதா? பிறகு வாங்கோ. ங்கோ மரியாதை, தபால்காரனுக்கும் ங்கோ, சாமிக்கும் ங்கோ. வா மட்டும் மிஞ்சியது. வா என்பதாவது அன்பா என்றால் அதுவும் இல்லை. பேசுகிறவரிடமோ கேட்கிறவரிடமோ வந்து சேர்வது வருதல், மூன்றாம் இடத்துக்குச் சேர்வது போதல். இது பழைய விதி. அவள் அங்கே நிற்கிறாள், ஆகவே வா. வேறு சொல் அவளுக்குக் கையில் இல்லை. இலக்கணம் போட்ட சோற்றை மனுசி சமைத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? இப்படியாக மூன்று சொல்லும் கைவிட்டபின், கடைசியில் மிஞ்சுவது அந்த மூச்சுத்தான். மூச்சுக்கு எந்த ஏட்டிலும் விதி இல்லை.

மழை விட்டதும் படகு வந்தது. நீண்ட ஒடுக்கமான படகு, பின்னால் எஞ்சின், அதைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் மழைத்தொப்பியோடு ஜுசாரா என்ற பருத்த பெண். ஏஜென்சிக்காரனின் ஆள் அவளிடம் இரண்டு விரலைக் காட்டிவிட்டு மறைந்தான். அவள் குணநாயகத்தின் சப்பாத்தைப் பார்த்துப் போர்த்துக்கேயத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கழற்று என்றாளோ, கவலைப்படாதே என்றாளோ. "மாஸ்டர், போறியளோ இல்லையோ?" என்றான் அரியகுட்டி, ஏற்கெனவே படகுக்குள் நின்றபடி. "நீங்கள் வாசலில நிண்டு யோசிச்சால் பின்னால வாறவை எப்பிடி ஏறுறது?" பின்னால் வந்தவள் ஐஸ்பெட்டியோடு அக்கரைச் சந்தைக்குப் போகும் ஒரு கிழவி மட்டுந்தான். கரைக்கு மேலே, பிரேசில் இங்கே ஆரம்பமாகிறது என்று எழுதிய சின்னம் ஒன்றை அவர் காலையில் கண்டிருந்தார். ஆரம்பமாம். வெளிக்கிடுகிறவனுக்கு அது முடிகிற இடம் அல்லவா? எழுதுகிறவன் எப்போதும் தான் நிற்கும் கரையிலிருந்துதான் எழுதுகிறான். இதை யோசித்து முடிக்கையில் தான் படகின் நடுப்பலகையில் இருப்பதைக் கண்டார். தீர்மானம் இன்னும் வந்து சேரவில்லை. கால் முன்கூட்டியே வந்துவிட்டது. இறங்கலாம். இன்னும் இறங்கலாம். கயிறு அவிழ்ந்தது. சரி, அங்கே கரையில் ஏறாமல் இதே படகில் திரும்பலாம், அதுவும் ஒரு வழிதானே, யாரும் நெட்டித் தள்ளப் போவதில்லை.

எஞ்சின் இரைந்தது, கரை விலகியது, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. ஆழம் என்ன இருக்கும் என்று கேட்கப் பயந்து, மேலே காட்டுக்குள் பொன் அரிக்கிறவர்கள் பாதரசத்தை ஊற்றுகிறார்கள், மீனுக்குள்ளும் அது போகிறது என்று வாசித்ததை நினைத்தார், காலையில் தின்ற மீனை நினைத்தார். எல்லை எங்கே? இரண்டு நாட்டுக்கும் நடுவில் கோடு தண்ணீருக்குள் போகிறது, ஆழமான வாய்க்காலைத் தொடர்ந்து என்று நினைவு. ஆனால் மணல் நகர, ஆழம் நகர, கோடும் நகருமா? பெயர் தெரியாத ஒரு கணத்தில் தாண்டிவிடுவோம், தாண்டியது உடம்புக்குத் தெரியாது. அவளும் ஒரு நாள் அப்படித்தான் தாண்டினாள். நாட்டில் சண்டை ஓய்ந்தது போலிருந்த ஒரு மாசத்தில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் படியில் நின்று "போட்டு வாறம்" என்றாள். அவர் தகப்பனின் கட்டிலை விட்டு அசைய முடியாமல் நின்றார். வசனத்தின் முற்பாதியான போதல் நடந்தது. பிற்பாதி இன்றுவரை நிலுவையில். அதற்கும் முன்னால், அச்சகத்தில், பக்கத்து மேசையில் அவள். மரண அறிவித்தல் ஒன்றில் 'நேசமிகு கணவர்' என்று வரவேண்டியது 'நாசமிகு கணவர்' என்று வந்து, அவர் கண்ணைத் தாண்டி, அவருடைய கையெழுத்தோடு அச்சுக்குப் போகையில், அவள் நடுவழியில் பறித்து நிறுத்தினாள். ஆசிரியருக்குச் சொல்லவில்லை. "அந்த மனுசிக்கு இது பிழையோ சரியோ எண்டு எங்களுக்குத் தெரியாதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தாள். அவளை அவர் விரும்பியது அந்த நிமிசம். நாசமிகு கணவர். தொலைபேசியில் தமிழைத் திருத்தித் திருத்தியதில், மகள் இப்போது எழுத்துக்குப் பதிலாக ஒரு கைகூப்பும் படம் அனுப்புவதோடு சரி. மூக்குக் கண்ணாடியும் சரிந்த தோளும், யார் வாய் திறந்தாலும் தானாகத் தூக்கும் ஒரு சுட்டுவிரலும்: இதைத்தானே பெட்டியோடு கொண்டுபோய் அந்தச் சின்ன வீட்டில் இறக்கப்போகிறார்? யோகமலருக்கு இப்போது வேலை உண்டு, தெரிந்த தெருக்கள் உண்டு, பிரெஞ்சு உண்டு, பத்து வருசமாய் யாரும் திருத்தாத பேச்சு உண்டு. தடுக்கவில்லை. அதுவே பெரிய மனசு. திரும்புவோம். திரும்பித்தான் போகவேண்டும்.

தலைக்கு மேலே பாலம் வந்தது. இரண்டு நாட்டையும் கட்டும் பென்னாம்பெரிய பாலம், கம்பிகளால் தூக்கிப் பிடித்த அழகு, மேலே ஒரு வாகனமும் இல்லை. காகிதம் உள்ளவர்களுக்குப் பாலம், இல்லாதவர்களுக்கு அதன் நிழல். "அந்தா மாஸ்டர், பெரிய றோட்டு" என்றான் அரியகுட்டி, "நாங்கள் எப்பவும் குறுக்கு ஒழுங்கைதான்." அந்த நிழலுக்குள் படகு நுழைந்தபோது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. யோகமலர். பாரிஸில் பொழுதுபட்டிருக்கும், அலுவலகங்கள் துடைக்கப் போகும் நேரம். பின்னால் ரயில் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"எங்க நிக்கிறியள்?"

"ஆத்துக்க."

"ஆத்துக்கையோ!"

"படகில. அங்கால போறன்." போகிறேனா, திரும்புகிறேனா என்று தனக்கே தெரியாததை அவளுக்குச் சொல்லத் தெரியாமல் வந்த சொல்.

எஞ்சின் சத்தத்துக்குள்ளும் அவள் மூச்சு விட்டது கேட்டது. "பாத்தியளோ," என்றாள். "திரும்பவும்."

"என்ன திரும்பவும்?"

"போறன். மாசியில இருந்து நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். கொழும்புக்குப் போறன், டுபாய்க்குப் போறன், பிரேசிலுக்குப் போறன். சரி, அதெல்லாம் போறதுதான். பிரான்சுக்கும் போறன்! நான் இருக்கிற இடம் உங்களுக்கு மூண்டாம் இடமோ? ஒருக்காலெண்டாலும் வாறன் எண்டு உங்கட வாயில வந்ததோ? நான் வாயைத் திறந்து கேட்டனான், வாறதெண்டால் வாங்கோ எண்டு. ம் எண்டியள். ம் எண்டால் என்ன? உங்களுக்கு என்னட்ட வர விருப்பமோ, பிரான்சுக்குப் போக விருப்பமோ எண்டு நான் ஆரைப் போய்க் கேக்கிறது? ஐப்பசியில உங்களைப் பாக்கக் கயேனுக்கு வர லீவு கேட்டு வைச்சிருக்கிறன், உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் போறன் போறன் எண்டு நிண்டால் நான் எங்க வாறது?"

கேட்டாளாம். அது கேள்வியாம். கேள்விக்குறி போடாத கேள்வியை இத்தனை மாதமாகப் பதிலாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுடைய இரண்டு சொல்லைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தவருக்கு, தன் வாயிலிருந்து நாள்தோறும் விழுந்த ஒரு சொல் கண்ணில் படவில்லை. தன் எழுத்தைத் தானே ஒப்புநோக்கக்கூடாது, அச்சகத்தில் அது முதல் பாடம். கண் எழுதியதைப் பார்க்காது, எழுத நினைத்ததைத்தான் பார்க்கும். வா அவளுக்கு விதித்த சொல் என்று தள்ளினாரே, அதே விதி அவருக்கும் வாவைத்தான் விதித்தது. விதியை மீறிப் போ என்றது அவர். ஏன்? பயம். வாறன் என்று சொன்னால் ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். போறன் என்பவனை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

"கேக்குதோ? லைன் இருக்கோ?"

"இருக்கு," என்றார். "வாறன்."

"உது ஃபோன் வைக்கிற வாறனோ?"

"இல்லை."

"அப்ப எங்க வாறியள்?"

"உம்மட்ட. உம்மட்ட வாறன், யோகம்."

அரியகுட்டி ஆற்றைப் பார்ப்பவன் போலத் திரும்பிக்கொண்டான். ஐஸ்பெட்டிக் கிழவி, மொழி தெரியாவிட்டாலும் விசயம் தெரிந்தவளாக, நன்றாகவே அவரைப் பார்த்தாள். தொலைபேசியின் அந்தப் பக்கம் ரயில் ஏதோ நிலையத்தில் நின்று, கதவு திறந்து, மூடியது; அவள் இறங்க வேண்டிய இடமாகவும் இருக்கலாம். கரை கிட்ட வந்தது, சிவப்பு மண், மாமரம், நீலப் பொலிசுச் சட்டையில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜுசாரா எஞ்சினை அணைத்தாள். திடீரென்று எல்லாம் அமைதியானதில் யோகமலரின் குரல் காதுக்குள்ளேயே வந்தது போலிருந்தது.

"அப்ப வாரும்," என்றாள்.

வாரும். வாங்கோவும் இல்லை, வாவும் இல்லை. கலியாணத்துக்கு முன்னம், பக்கத்து மேசைக்காரியாக இருந்த நாட்களில், தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுகையில் அவள் அவரை அப்படித்தான் சொல்லுவாள். தாலி ஏறிய அன்றே தாய்க்காரி கண்ணை உருட்டி அதை நிறுத்திப்போட்டாள். குணநாயகத்தின் சுட்டுவிரல் பழக்கத்தில் மெல்ல எழும்பியது, வினையடியைப் பிரிக்க, விகுதியைப் பார்க்க. படகு மண்ணில் முட்டி அவரை முன்னால் தள்ளியது. பின்னாலிருந்து அரியகுட்டியும் தள்ளினான்.

"பிரான்சு, பிரான்சு! இறங்கிறாக்கள் கெதியா இறங்குங்கோ மாஸ்டர், வாசலை மறிக்காதேங்கோ!"